வெள்ளிக்கிழமைக் குப்பி

அத்தியாயம் 5

"துணிப் பை ஒண்ணு. அரக்கு சீல் மூணு. மூணும் முழுசா இருக்கு. வெட்டட்டுமா மேடம்?"

கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி கம்பவுண்டர் கேட்டார்.

"முதல்ல போட்டோ எடுங்க. அப்புறம் வீரத்தைக் காட்டலாம்," என்றார் வக்கீலம்மா.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒரே அறை, ஒரே ஜன்னல். அதுதான் அவருடைய துப்பறியும் அலுவலகம். சட்டம் படித்து நாலு வருஷம் கோர்ட்டுக்குப் போனவர், இரண்டு கட்சிக்காரர்களும் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், உண்மையை யாராவது ஒருத்தராவது தேடட்டும் என்று கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்தார். கூட இருந்த கம்பவுண்டர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்தவர். ஆஸ்பத்திரியை மூடினார்கள். அவர் வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

எதிர் நாற்காலியில் தம்பிக்காரன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்களில் கிரீஸ் கறை. இருபத்தெட்டு வயதுக்காரன் மூன்று வாரத்தில் நாற்பதைத் தொட்டவன் மாதிரி ஆகியிருந்தான்.

"நேத்துதான் ஸ்டேஷன்ல குடுத்தாங்க மேடம். அக்காவோட கைப்பை. அம்மா பிரிக்கவே வேணாம்னுட்டாங்க. நீங்களே பிரிங்க."

அவனுடைய அக்கா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவள். மூன்று வாரத்துக்கு முன்னால், பதினைந்தாம் தேதி, புதன்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வெளியே வந்து தெருவைக் கடக்கும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்தாள். அதோடு விட்டார்களா? அவள் செய்த ஆராய்ச்சியே பித்தலாட்டம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. இன்றைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடி அதை எழுத்திலேயே போட்டுவிடப் போகிறது.

"கமிட்டி எழுதிட்டா அவ்வளவுதான் மேடம். இப்பவே தெருவுல பேசிக்கறாங்க. குட்டு வெளிப்பட்டுடும்னு பயந்து அவளே போய் விழுந்துட்டாளாம். அம்மா மூணு வாரமா ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. 'அவளாப் போனாளாடா?' நான் என்ன பதில் சொல்றது?"

வக்கீலம்மா கம்பவுண்டருக்குத் தலையசைத்தார். தெரியாததைச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

கம்பவுண்டர் போட்டோ எடுத்துவிட்டு முத்திரையை வெட்டினார். மேலாக இருந்த பட்டியலை எடுத்து வாசித்தார்.

"புதன்கிழமை, மாலை ஆறே முக்கால். கைப்பை ஒன்று. குடை ஒன்று. சீப்பு ஒன்று. சாவிக்கொத்து ஒன்று. உடைந்த கைப்பேசி ஒன்று. சாப்பாட்டு டப்பா ஒன்று, காலி. சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்று, உள்ளே எண்ணெய்." நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே மேடம். சீப்பைக்கூட விடாம எழுதியிருக்காங்க. என் பொண்டாட்டி கல்யாண சீர்வரிசைக்குக்கூட இவ்வளவு சுத்தமா லிஸ்ட் போடல."

தம்பிக்காரன் சிரிக்கவில்லை. சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த ஒற்றை முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கம்பவுண்டருக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வக்கீலம்மா குப்பியை எடுத்தார். கட்டை விரல் உயரம். இறுக்கமான மூடி. ஒட்டியிருந்த சீட்டில் நீல மையில் இரண்டே வார்த்தை: '17, வெள்ளி'.

"பதினஞ்சாம் தேதி செத்தவங்க கையில பதினேழாம் தேதிக் குப்பியா?" என்றார் கம்பவுண்டர்.

"அதைப் பார்த்தாத்தான் சார் எனக்குப் பயமா இருக்கு. ஆபீஸ்ல சொல்ற குத்தமும் இதேதான். அவ எழுதின தேதி எல்லாமே பொய்யாம்."

வக்கீலம்மா குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பளிங்கு மாதிரி அப்படியே நின்றது. அதன் மேல்பக்கம் சமமாக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது. போலீஸ் பட்டியலை ஒரு முறை பார்த்தார். குப்பியை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கைக்குட்டை விரித்து, குப்பியை அதில் படுக்க வைத்து மூடினார்.

"கிளம்பலாம்," என்றார்.

*

ஆராய்ச்சிக்கூடம் மூன்றாவது மாடி. இயக்குநரே வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இயக்குநர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"அவங்களை நான்தான் வேலைக்கு எடுத்தேன்," என்றார் அவர். "என் பொண்ணு மாதிரி. எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா?"

செத்துப்போனவளின் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்து மேசைப் பெண் ஒரு தட்டில் பதினாலு குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"இதெல்லாம் அக்கா செஞ்சது," என்றாள்.

"என்னம்மா இது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் கம்பவுண்டர். "நான் மிக்சர் கலக்கின ஆளு. விஞ்ஞானம் எல்லாம் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி."

"ஆமணக்கு எண்ணெயில இருந்து எடுத்த ஒரு பொருளையும் சர்க்கரையையும் சேர்த்து அக்கா ஒரு வெள்ளைத் தூள் செஞ்சாங்க சார். பெட்ரோலியப் பொருள் எதுவும் கிடையாது. எல்லாமே செடி கொடியில இருந்து வந்தது. அதுல ஒரு சிட்டிகையை எண்ணெயில போட்டுச் சூடு பண்ணினா கரைஞ்சு காணாமப் போயிடும். ஆற ஆற, அந்த மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு தேடிப் பிடிச்சுக்கும். சேர்ந்து இழையாகும். இழை எல்லாம் பின்னி வலையாகும். எண்ணெய் வலைக்குள்ள மாட்டிக்கும். அப்புறம் கவிழ்த்தாலும் கொட்டாது. மெத்துனு ஒரு ஜெல் ஆயிடும். யாரும் பின்ன வேண்டாம் சார், அதுவாவே பின்னிக்கும்."

"எங்க ஆஸ்பத்திரியில மூணு டாக்டர் ஒண்ணா உட்கார வருஷம் ஒண்ணாகும். இதுங்க தேவலாமே! என்னத்துக்கு ஆகும் இது?"

"படுத்த படுக்கையா இருக்கறவங்க முதுகுல புண்ணு வருமில்ல, அதுக்குக் களிம்பு. அக்கா அதைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

கம்பவுண்டர் அந்தப் பதினாலு குப்பிகளையும் மறுபடி பார்த்தார். அந்தப் புண்களை அவர் பார்த்திருக்கிறார். துடைத்தும் விட்டிருக்கிறார்.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்காகவே காலையில ஒண்ணு செய்யச் சொன்னேன். அவங்க நோட்டுல இருக்கற அதே அளவு, அதே சூடு. ஒரு மணி நேரம் ஆச்சு." தாங்கியில் நிமிர்ந்து நின்ற ஒரு குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். எண்ணெய் சளக்கென்று மூடிப் பக்கம் ஓடியது. "பாத்தீங்களா? முப்பது தடவை செஞ்சாச்சு. ஒரு தடவைகூட நிக்கல. ஒரு மணி நேரத்துல நிக்காத ஜெல் எப்பவுமே நிக்காது. முப்பது வருஷமா இதே வேலைதான் எனக்கு."

"அப்போ இந்தப் பதினாலு மட்டும் எப்படி நிக்குது?" என்றார் வக்கீலம்மா.

"வெளியில எங்கேயோ, கடையில விக்கற கெட்டிப்பொருளைப் போட்டுச் செஞ்சு கொண்டுவந்திருக்கணும். சொல்லவே வாய் கூசுது. ஆனா தேதியைப் பாருங்க. இது ஞாயித்துக்கிழமை. இதுவும் ஞாயித்துக்கிழமை. இது அவங்க லீவுல இருந்த நாள். பதினாலுல எட்டு, அவங்க இங்கே வராத நாள். வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்துட்டோம். இல்லாத நாள்ல எப்படிச் செய்ய முடியும்?"

"இது எல்லாம் செஞ்சப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"வெளியூர்ல. மூணு மாசம். ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன்."

"வந்தப்புறம்?"

"பதினோரு தடவை செஞ்சாங்க. நான் தினமும் காலையில ஒன்பது மணிக்கு ஒவ்வொரு மேசையா வந்து எல்லாக் குப்பியையும் கவிழ்த்துப் பார்ப்பேன். அது என் பழக்கம். பதினொண்ணும் ஓடிச்சு. ஓடினதை அப்பவே கொட்டிக் கழுவிடச் சொல்லிடுவேன். வெச்சிருந்து என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்தினார். "கடைசியா அந்தப் புதன்கிழமை, எல்லார் முன்னாடியும் கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். 'நான் இல்லாதப்போ மட்டும் நிக்கற ஜெல் என்ன ஜெல்லு'ன்னு."

பக்கத்து மேசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீலம்மா நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பதினாலாவதுக்குப் பிறகு வந்த பதினோரு பக்கங்களிலும் கீழே ஒரே வரி: 'அசைந்துவிட்டது. இனி சேராது. கொட்டிவிட்டேன்.'

"அசையக் கூடாதா?" என்று கேட்டார்.

"கூடாதுன்னுதான் அக்கா சொல்வாங்க," என்றாள் அந்தப் பெண். "ஆறும்போது ஆடிட்டா இழை அறுந்துடுமாம். அப்புறம் முதல்ல இருந்துதான்."

"நல்ல கதையா இருக்கே!" என்றார் கம்பவுண்டர். "நாங்க 'குலுக்கிக் குடிக்கவும்'னு ஒவ்வொரு பாட்டில் மேலயும் எழுதி ஒட்டுவோம். இங்க குலுக்கினா குடி முழுகிடுது. ஆனாலும் நீங்க எல்லாரும் செஞ்ச தேதியை எழுதி வெக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிபடல. எங்க கவுண்டர்ல எவனாவது 'இது என்னிக்குச் செஞ்ச மருந்து?'ன்னு கேட்பானா? எதுவரைக்கும் தாங்கும்னுதான் கேட்பான். வரப்போற தேதிதான் அவனுக்கு வேணும்."

வக்கீலம்மா புரட்டுவதை நிறுத்தினார்.

கம்பவுண்டருக்கு அந்த நிறுத்தம் நன்றாகத் தெரியும். தன் வாயிலிருந்து ஏதோ உருப்படியாக விழுந்திருக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை.

"இந்தத் தட்டையும் நோட்டையும் கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க," என்றார் வக்கீலம்மா. ஒவ்வொரு குப்பியின் எண்ணையும் நோட்டுப் பக்கத்தின் எண்ணையும் பொருத்தி, ஒரு துண்டுத் தாளில் எதையோ குறித்தார். பதினாலும் முடிய அரை மணி ஆயிற்று. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாலு மணிக்கு வர்றோம் சார். அந்தப் பையனையும் உள்ளே விடுங்க. அவன் கேக்கணும்."

*

தெருமுனையில் சாவி செய்கிறவர் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். விபத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போலீசில் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"மெதுவா நடந்துச்சும்மா அந்தப் பொண்ணு. நட்ட நடுத் தெருவுல. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். நானும் 'ஓடு, ஓடு'ன்னு கத்தினேன். திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டும் ஓடல. அதே நடை. அதனாலதான் எல்லாரும் அப்படிப் பேசறாங்க. நானா ஒண்ணும் கட்டிச் சொல்லல."

"கை எப்படி இருந்தது?"

"கையா?"

"கைப்பை தோள்ல தொங்கிச்சா?"

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "இல்லம்மா. ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேர்த்து வெச்சிருந்துச்சு. கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி."

வக்கீலம்மா பக்கத்துக் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். வாய் விளிம்பு வரைக்கும் நிரப்பச் சொல்லி, அதைக் கம்பவுண்டர் கையில் கொடுத்தார்.

"குடிக்கவா மேடம்?"

"நடைபாதையில அந்தக் கம்பம் வரைக்கும் கொண்டுபோங்க. ஒரு சொட்டு சிந்தினா இந்த மாசம் முழுக்க நீங்க ஜோக்கே சொல்லக் கூடாது."

"இதுக்கு என்னை லாரி முன்னாலயே தள்ளிவிடலாம்," என்று முனகிக்கொண்டே கம்பவுண்டர் நடந்தார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தார். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. பாதி தூரம் போயிருப்பார்.

"பின்னால வண்டி! ஓடுங்க!" என்று வக்கீலம்மா கத்தினார்.

கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். தோள் குறுகியது. டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டார். கால் மட்டும் ஓடவில்லை.

"ஏன் ஓடல?"

"தண்ணி சிந்திடுமே மேடம்…"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. டம்ளர் சாய்ந்து தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். சாவிக்காரர் எழுந்து நின்று, குடைக்கு வெளியே வந்து, அந்தத் தெருவையே பார்த்தார்.

"பாவி நான். அந்தப் பொண்ணை என்னவோன்னு நெனச்சேனே," என்றார்.

*

நாலு மணி. நீள மேசை. கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், நடுவில் இயக்குநர். கதவோரம் ஒரு ஸ்டூலில் தம்பிக்காரன். சுவரோரமாகப் பக்கத்து மேசைப் பெண்.

வக்கீலம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"சார், நீங்க குப்பித் தேதியை வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்தீங்க. நோட்டோட ஒத்துப் பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

"ஏழாம் குப்பி. நோட்டுல வெள்ளிக்கிழமை செஞ்சதா எழுதியிருக்கு. குப்பியில ஞாயித்துக்கிழமை. ஒன்பதாம் குப்பி, நோட்டுல செவ்வாய், குப்பியில வியாழன். பதினாலுக்கும் அப்படித்தான். சரியா ரெண்டு நாள் தள்ளி. ஒண்ணுகூடத் தப்பல. பொய்த் தேதி போடறவங்க இவ்வளவு ஒழுங்கா போட மாட்டாங்க. இங்கே எல்லாரும் செஞ்ச தேதியை எழுதுவீங்க. அவங்க தொடக்கூடிய தேதியை எழுதினாங்க. அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது, அவங்க உட்பட. செஞ்ச அன்னிக்கு அவங்க இங்கே இருந்தாங்க. பதிவேட்டைப் பாருங்க, பதினாலு நாளும் கையெழுத்து இருக்கு."

ஒருவர் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். இன்னொருவர் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா?" என்றார் இயக்குநர். "ஒரு ஜெல்லுக்கு ரெண்டு நாளா? அவங்க ஒரு தடவை சொன்னாங்க. நான்தான் சிரிச்சேன். நம்ப முடியலையேம்மா…"

"நம்ப வேண்டாம். பாருங்க." வக்கீலம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். "இது அவங்க கைப்பையில இருந்த குப்பி. விபத்து நடந்த அன்னிக்கு சாயங்காலம் ஆறே முக்காலுக்கு போலீஸ் இதைப் பட்டியல் போட்டிருக்காங்க. 'உள்ளே எண்ணெய்'னு எழுதிப் பையைத் தச்சு மூணு முத்திரை வெச்சாங்க. இன்னிக்குக் காலையில என் மேசையில அதை வெட்டினோம். சீல் உடையாததுக்கு போட்டோ இருக்கு. நடுவுல எந்தக் கையும் படல. கவிழ்த்துப் பாருங்க சார். நீங்களே."

இயக்குநர் குப்பியை வாங்கினார். முப்பது வருஷமாகக் கவிழ்த்த கை. இந்த முறை அது தயங்கியது. மெல்லத் திருப்பினார்.

எண்ணெய் இறங்கவில்லை.

"மேல ஒரு பக்கமா சாஞ்சு இருக்கே," என்றார் ஓர் உறுப்பினர்.

"உங்க தாங்கியில நின்னிருந்தா சமமா இருந்திருக்கும். இது சாஞ்சு கிடந்த பைக்குள்ள சேர்ந்தது. போலீஸ் ஸ்டேஷன் பீரோவுல. யாரும் தொடாம, யாரும் கவிழ்த்துப் பார்க்காம." வக்கீலம்மா குரலை உயர்த்தவில்லை. "தினம் ஒன்பது மணிக்கு ஒரு கை வந்து கவிழ்க்கற இடத்துல இது சேராதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அந்தக் கையைத் தடுக்கவும் முடியல. அதனால புதன்கிழமை பன்னிரண்டாவதைச் செஞ்சு, வெள்ளின்னு எழுதி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒரு மூலையில ரெண்டு நாள் வெச்சிருந்து, உங்ககிட்டயே கொண்டுவந்து காட்டலாம்னு."

இயக்குநர் குப்பியை மேசைமேல் வைத்தார். "நான்தான் கவிழ்த்தேன்," என்றார். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை சொன்னார். "பதினொண்ணையும் நான்தான் கவிழ்த்தேன்."

வக்கீலம்மா கதவுப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க அக்கா சாகப் போகல. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தவங்க புதன்கிழமை போய் விழ மாட்டாங்க. அவங்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மெதுவா நடந்தது இந்தக் குப்பி ஆடக் கூடாதுன்னு. வேற ஒண்ணும் இல்ல."

தம்பிக்காரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்த அழுகை. கம்பவுண்டர் போய் அவன் முதுகில் கை வைத்தார். இந்த வேலைக்கு வந்ததில் இப்படி ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. கமிட்டியின் மூத்த உறுப்பினர் எதிரே இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் எழுத ஆரம்பித்தார்.

இனிக் கிளம்ப வேண்டியதுதான். வக்கீலம்மாவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. தாள்களை அவசர அவசரமாக அடுக்கினார். வழக்கமாக நிதானமாக அடுக்குகிறவர். "வாங்க தம்பி, நாம கீழே போகலாம். உடனே வாங்க," என்றார். அந்த அவசரம் எதற்கு என்று கம்பவுண்டருக்குப் புரியவில்லை.

அதற்குள் பக்கத்து மேசைப் பெண் மேசையருகே வந்துவிட்டாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அழுத முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் இதைச் சூடு பண்ணினாங்க. விபத்துல பை எவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கும்! அந்த அடியில உள்ளே சேர்ந்த இழை எல்லாம் அறுந்திருக்கும். அப்படியும் சேர்ந்திருக்கு! ஆடினா கெட்டுப் போகும்னு அக்கா நெனச்சாங்க, நோட்டுல எழுதியே வெச்சிருக்காங்க. அது தப்பு சார்! எவ்வளவு ஆடினாலும் சும்மா விட்டா மறுபடி தானாவே கூடிக்குது. அக்கா சொன்னதைவிட இது பெரிய விஷயம். இதுக்கு அவங்க பேரையே…"

வக்கீலம்மா அவள் கையைத் தொட்டார். அவள் நிறுத்தினாள். ஏன் தொட்டார் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை.

தம்பிக்காரன் முகத்திலிருந்து கையை எடுத்திருந்தான். எந்திரங்களோடு பழகியவன். ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வரும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அப்படின்னா ஆடினாலும் ஒண்ணும் ஆகியிருக்காதா?" என்று கேட்டான்.

பக்கத்து மேசைப் பெண் குப்பியை மேசைமேல் வைத்தாள்.

"கீழே போட்டிருந்தாலும்?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா ஓடியிருக்கலாம்," என்றான் தம்பிக்காரன். "ஹாரன் அடிச்சப்போ ஓடியிருக்கலாம்."

கம்பவுண்டர் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். வராந்தாவில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆறுதல் சொன்னவர். இப்போது அவர் அழுதார். மறைக்கவும் இல்லை.

தம்பிக்காரன் எழுந்து வெளியே போனான். படிக்கட்டின் திருப்பத்தில் ஜன்னல் பக்கமாக நின்று போனை எடுத்தான். அவனைத் தனியே விட மனமில்லாமல் கம்பவுண்டர் நாலு படி மேலேயே நின்றுகொண்டார்.

"அம்மா… ஆமாம்மா, முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது. அவ பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுக்கறாங்க." மூக்கை உறிஞ்சினான். "இல்லம்மா. அவளாப் போகல. சத்தியமா. நம்ம வீட்டுக்குத்தாம்மா வந்துட்டிருந்தா."

அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கீழே அந்தத் தெரு தெரிந்தது. சாயங்கால வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"தெரியாதும்மா," என்றான். "ஏன் ஓடலைன்னு யாருக்கும் தெரியாதாம்."